பிடிஎஃப்பை 40-ஆம் பக்கத்தில் திறக்கச் சொன்னால் ஏன் முதல் பக்கமே வருகிறது?

எக்செல்லில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் கையேட்டின் 40-ஆம் பக்கம் திறக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான், ஆனால் செய்து பார்த்தால் ஃபைல் திறக்கும், பக்கம் மட்டும் ஒன்றிலேயே நிற்கும். பெரும்பாலும் காரணம், பக்க எண்ணை ஃபைலிடம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வது. ஃபைலுக்கு அதெல்லாம் தெரியாது. அதைத் திறக்கும் சாஃப்ட்வேருக்குத்தான் சொல்ல வேண்டும், அதுவும் அதற்குப் புரியும் விதத்தில்.

விண்டோஸில் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்து 'திற' என்றால், பிடிஎஃப்புக்கு டீஃபால்ட்டாக எது இருக்கிறதோ அது திறக்கும், அவ்வளவுதான். பக்கமும் வேண்டுமென்றால் அந்த வியூவரையே நேரடியாக அழைக்க வேண்டும். அடோபியின் அக்ரோபேட்டுக்கு 'ஸ்லாஷ் ஏ' என்ற ஸ்விட்ச் (சாஃப்ட்வேரை அழைக்கும்போது கூடவே கொடுக்கும் குறிப்பு), அதன்பின் மேற்கோள்குறிக்குள் பக்க எண், கடைசியில்தான் ஃபைல் பெயர். இந்த வரிசையை மாற்றிவிட்டுத்தான் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுமத்ரா, ஓகுலர் போன்ற மற்ற பிடிஎஃப் வியூவர்களுக்கு ஸ்விட்ச் வேறு. ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது, பல நேரம் பிழைச் செய்திகூட வராது.

'பிரவுசரில் முகவரிக்குப் பின்னால் ஹாஷ் குறி போட்டுப் பக்க எண் கொடுத்தால் போகிறதே, அதையே கொடுத்தால் என்ன?' என்று தோன்றும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது வேலை செய்யும், உண்மைதான். ஆனால் கணினியில் இருக்கும் ஃபைலின் முகவரியை அப்படியே விண்டோஸிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னால், ஹாஷுக்குப் பின்னால் இருப்பது வழியிலேயே உதிர்ந்துபோவது வழக்கம். பிரவுசரின் பெயரைச் சொல்லி, முழு முகவரியையும் அதனிடம் கொடுங்கள். ஃபைல் பெயரிலேயே ஹாஷ் குறி இருந்தால் அதைச் சதவீதக்குறியும் 23-மாக எழுத வேண்டும், இடைவெளி இருந்தால் சதவீதக்குறியும் 20-ம்.

அடுத்தது எண் குழப்பம், இதில்தான் நேரம் நிறைய வீணாகிறது. புத்தகத்தில் அச்சிட்ட 40, ஃபைலின் 40-ஆவது பக்கமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்னுரை, பொருளடக்கம் என்று ரோமன் எண்ணில் 12 பக்கம் இருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது 52. லினக்ஸில் இருக்கும் எவின்ஸ் என்ற வியூவர் இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறது, நல்ல யோசனை. போதாததற்கு, அக்ரோபேட்டின் ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது, அதனால் அங்கே அதே பக்கம் 51. மேக்ரோ வழியாக அக்ரோபேட்டை இயக்கும் முறையிலும் அப்படித்தான். அந்த முறைக்கு இலவச ரீடர் போதாது என்பதைப் பாதி புரோகிராம் கோடு எழுதிய பிறகு தெரிந்துகொள்பவர்களும் உண்டு.

பாத்தில், அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் முழு முகவரியில், இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள்குறி போடுங்கள், இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறக்கும். வியூவரின் பாத்தைக் கோடில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். பழைய 32 பிட் ரீடருக்கும் இப்போதைய 64 பிட் பதிப்புக்கும் இயங்கு ஃபைலின் பெயரே வேறு.

அப்புறம் இன்னொரு தவறு, சோதிக்கும்போது ஃபைலை மூடிவைத்து மட்டும் சோதிப்பது. பயன்படுத்துபவர் காலையில் திறந்த ஃபைலை மாலைவரை மூட மாட்டார், அந்த நிலையில் இரண்டாவது அழைப்பு பல வியூவர்களில் பக்கத்தை நகர்த்தாது. சுமத்ராவில் ஏற்கெனவே இருக்கும் ஜன்னலையே பயன்படுத்தச் சொல்ல ஒரு ஸ்விட்ச் உண்டு. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே திறக்கும் வசதி அக்ரோபேட் செட்டிங்ஸில் இருக்கிறது, அது உங்கள் எண்ணோடு மோதுகிறதா என்றும் பாருங்கள்.

வேர்ட் ஃபைல் என்றால் பக்க எண்ணையே நம்பாதீர்கள். ஃபான்ட் மாறினாலோ பிரிண்டர் மாறினாலோகூடப் பக்கம் நகர்ந்துவிடும். வேண்டிய இடத்தில் ஒரு புக்மார்க் வையுங்கள், எக்செல்லின் ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவில் சதுர அடைப்புக்குள் ஃபைலின் பாத், அதை அடுத்து புக்மார்க்கின் பெயர். நேராக அங்கே போய் நிற்கும்.

பிடிஎஃப்பிலும் இதற்கு இணையானது உண்டு: பெயரிட்ட டெஸ்டினேஷன், அதாவது ஃபைலுக்குள் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயர். பக்க எண்ணைப் போலவே இதையும் ஹாஷ் குறிக்குப் பின்னால் கொடுக்கலாம் என்று 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8118 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்கிறது, அக்ரோபேட்டின் அதே 'ஸ்லாஷ் ஏ' ஸ்விட்சும் ஏற்றுக்கொள்ளும். ஆவணம் தயாரிக்கும் லேடெக் சாஃப்ட்வேரில் ஹைப்பர்ரெஃப் என்ற துணைத் தொகுப்பைப் பயன்படுத்தினால் இவை தானாகவே உருவாகும். கையேடு அடிக்கடி மாறும் என்றால் எண்ணை விட்டுவிட்டு இதற்கு மாறுவதுதான் என் கட்சி. நடுவில் பத்துப் பக்கம் சேர்ந்தாலும், அடுத்த பதிப்பிலும் அதே பெயரை வைத்திருக்கும்வரை எக்செல் பட்டனைத் தொட வேண்டியதில்லை.