ரிட்டார்ட் ஸ்டாண்டில் ஒரு செல்போன்: பாட வீடியோ எடுத்து வெட்டுவது எப்படி

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்கு முன்னால் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலை (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) எத்தனை முறை செய்து காட்டினாலும், பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தெரிவது என் முதுகுதான். கடைசிச் சொட்டு விழுந்து நிறம் மாறுவதை மேஜையை ஒட்டி நிற்கும் ஏழெட்டுப் பேர்தான் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் நான் வீடியோ பக்கம் வந்தேன். நான் வேதியியல் ஆசிரியை, கேமரா படித்தவள் இல்லை. கையில் இருப்பது ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், வீட்டில் ஒரு பழைய லேப்டாப். ஐந்து நிமிடப் பாட வீடியோவுக்கு இதுவே தாராளம்.

முதலில் போன் ஆடாமல் நிற்க வேண்டும். இதற்காக டிரைபாட் வாங்காதீர்கள். ஆய்வகத்தில்தான் ரிட்டார்ட் ஸ்டாண்டும் (அடித்தட்டு வைத்த இரும்புக் கம்பி) அதில் மாட்டும் கிளாம்ப்பும் இருக்கின்றனவே. கிளாம்ப்பின் வாயில் துணியைச் சுற்றி, வால்யூம் பட்டன் மேல் படாமல் போனைப் படுக்கைவாட்டில் பிடிக்க விடுங்கள். ஸ்டாண்டின் அடித்தட்டு போன் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாகவே இருக்கட்டும். திருப்பி வைத்தால் குப்புற விழும். கணக்கு, தமிழ் எடுப்பவர்கள் மேஜை மேல் ஒரு ஸ்டூலை ஏற்றி, கேமரா வெளியே தெரிகிற மாதிரி போனை அதன் விளிம்பில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கீழே நோட்டை வைத்து எழுதலாம். கரும்பலகையைத் தூரத்திலிருந்து எடுப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு.

பியூரெட்டை, அதாவது கரைசலை ஒழுக விடும் அளவுக் குழாயை, காட்டும்போது கேமரா கரைசல் மட்டத்துக்கு நேர் உயரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் மேலே இருந்தாலும் இடமாறு தோற்றப் பிழை வந்துவிடும். “கண்ணை நேராக வைத்துப் படி” என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, வீடியோ தப்பான அளவைக் காட்டும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் குழிந்து தெரியும் பரப்பின் மேல்மட்டத்தைத்தான் படிக்க வேண்டும் என்பதை அந்தக் காட்சியிலேயே விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது நிறம். போன் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரி செய்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டியதோ தரம் பார்த்தல் முடிந்ததைக் காட்டும் அந்த வெளிறிய இளஞ்சிவப்பு. கேமரா அதைத் தவறு என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். திரையில் கூம்புக் குடுவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். கேமராவில் ப்ரோ மோடு (எல்லாவற்றையும் கையால் மாற்றும் வசதி) இருந்தால் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமநிலையையும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைக்க மறக்க வேண்டாம். பழைய டியூப்லைட்டின் கீழ் திரையில் கோடு கோடாக ஓடுகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் கோடு போய்விடும். அந்த வசதி இல்லாத போன் என்றால் காலை வெயில் வரும் ஜன்னலோரம் போய்விடுங்கள்.

இனி சத்தம். படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். மின்விசிறி, பக்கத்து வகுப்பு, மணி என்று ஆய்வகத்தில் நல்ல ஒலிக்கு வழியே கிடையாது. அதனால் அங்கே கைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, பேச்சை வீட்டில் இரவு தனியாகப் பதிவு செய்கிறேன். துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி துணிக்குள் அடங்கிவிடும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும்.

பதிவின் தொடக்கத்தில் மூன்று விநாடி பேசாமல் இருங்கள். அந்த வெற்று இடம்தான் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டருக்கு வேண்டியது. அதைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே இடத்துக்குப் போய் ஓகே கொடுங்கள். 12 டெசிபல் போதும். பேராசைப்பட்டு ஏற்றினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

எடிட்டிங்குக்கு நான் வைத்திருப்பது ஷாட்கட். இலவசம், வாட்டர்மார்க் கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். தொடங்கும் முன் ஒரு ஃபோல்டர் போட்டு, எடுத்த காட்சி, குரல், படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிடுங்கள். ஷாட்கட் சேமிக்கும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். அந்த ஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக் கணினியில் திறந்தால் ஒன்றும் வராது. முழு ஃபோல்டரையும் எடுத்துப் போக வேண்டும்.

போன் காட்சியை உள்ளே இழுத்ததும் ‘எடிட் ஃப்ரெண்ட்லி’ வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கலாம். சரி என்று சொல்லுங்கள். போன்கள் விநாடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. மாற்றாமல் வேலை செய்தால் போகப்போக காட்சியும் பேச்சும் விலகும்.

வெட்டுவதற்கு மூன்று நான்கு விசைகள் தெரிந்தால் போதும். எல் ஓட்டும், கே நிறுத்தும், ஜே பின்னால் போகும். எல் விசையை மறுபடி மறுபடி அழுத்தினால் வேகம் கூடும். வேண்டிய இடத்தில் எஸ் அழுத்தினால் துண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் அழுத்தினால் அது போய், பின்னால் இருப்பது தானாக நெருங்கி வரும். பக்கம் திரும்புவது, நட்சத்திரம் சிதறுவது போன்ற டிரான்சிஷன்களை நான் தொடுவதே இல்லை. கல்யாண வீடியோவுக்கு அது சரி.

எதை வெட்டுவது என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. பியூரெட்டைக் கழுவுவதும் நிரப்புவதும் ஒரு தனி வீடியோவாக இருக்கலாம். இங்கே பத்து விநாடி போதும். கரைசல் ஒழுகும் முதல் 15 மில்லியை ப்ராப்பர்டீஸில் வேகத்தை 4 என்று வைத்து ஓட்டிவிடுங்கள். கடைசி ஒரு மில்லியில் மட்டும் கை வைக்கக் கூடாது. சொட்டு விழுவது, நிறம் தோன்றி மறைவது, குடுவையைச் சுழற்றுவது, மறுபடி சொட்டு, இதெல்லாம் அதன் இயல்பான வேகத்தில் இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிறம் நிலைத்த இடத்தில் அந்த ஒரு பிரேமைப் படமாக ஏற்றுமதி செய்து, மூன்று விநாடி நிறுத்திக் காட்டுங்கள். வேண்டுமென்றே இரண்டு மில்லி கூடுதலாக விட்ட அடர்நிறக் குடுவையையும் பக்கத்தில் வைத்து ஒரு காட்சி எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெளிறிய’ என்றால் எவ்வளவு என்று எத்தனை வார்த்தை சொன்னாலும் இந்த ஒப்பீடு அளவுக்குப் புரியாது.

நீளம் ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்களைப் பற்றி ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவு அது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. கொஞ்சம் வேகமாக, உற்சாகமாகப் பேசியவர்களின் வீடியோவைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பேசினால்தான் புரியும் என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

தமிழ் எழுத்து ஒரு தலைவலி. வினாத்தாளுக்கு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள் அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் அடித்தாலும் சில மொபைல் ஆப்களில் ‘கொ’வின் கொம்பு வேறெங்கோ போய் நிற்கும். இதற்குச் சண்டை போட வேண்டாம். பவர்பாயிண்டிலோ லிப்ரே ஆபீஸிலோ ஸ்லைடு செய்து, பிஎன்ஜி படமாகச் சேமித்து, அதை டைம்லைனில் போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவச எழுத்துருக்கள். ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

பிறகு ஃபைலின் அளவு. போனில் எடுத்த 1080 காட்சி பெரும்பாலும் விநாடிக்கு 15 மெகாபிட்டாவது பிடிக்கும். ஐந்து நிமிடம் 300 விநாடி. பெருக்கி 8-ஆல் வகுத்தால் 560 எம்பிக்கு மேல். டேட்டா கார்டு போடும் பெற்றோருக்கு இது அநியாயம். ஏற்றுமதியின்போது 1280-க்கு 720 அளவு, ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), ஆவரேஜ் பிட்ரேட் (விநாடிக்குச் செலவாகும் டேட்டா) 1 மெகாபிட் என்று வையுங்கள். 37.5 எம்பி, குரலோடு சேர்த்து 40 எம்பி சுற்றி வரும். கேமரா ஆடாத காட்சிக்கு இதுவே கண்ணுக்கு உறுத்தாது. ஹெச்.265 இன்னும் சிறிதாகும்தான், ஆனால் பழைய போன்களில் திக்கித் திணறும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்போது அது மறுபடி நசுக்காது.

யூடியூபில் ஏற்றுவதானால் ‘அன்லிஸ்டட்’ போதும், லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்ப்பார். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். நான்கு விநாடி இருந்தாலும் உரிமை உள்ள பாட்டைத் தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடிக்கக் கூடும். பிள்ளைகள் முகத்தையும் நான் காட்டுவதில்லை. கைகளும் குரலும் போதும். அதற்கும் பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

அனுப்பும் முன் வீட்டில் இருப்பதிலேயே மலிவான போனில், இயர்போன் இல்லாமல், வெளிச்சமான வாசலில் நின்று ஒரு தடவை முழுவதும் பாருங்கள். அப்புறம், லிங்க்கை இரவு ஏழு மணிக்கு மேல் போடுங்கள். பல வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வருகிறது.