எஸ்டேட் பங்களாச் சுவரில் ஓதம்: எனக்குக் கைகொடுத்தது

வால்பாறைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களா ஒன்றைப் பராமரிக்கிறேன். மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம், பெயின்ட் உரிந்து உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது. கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர்மேல் முன்பு யாரோ சிமென்ட் பூசி எமல்ஷன் பெயின்டும் அடித்திருந்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை, அவ்வளவுதான் விஷயம். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்லாத ஆளில்லை!

சிமென்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்து (மெஷின் வேண்டாம், பழைய சுவர் அதிரும்), கோடை வெயிலில் சுவரைக் காயவிட்டேன். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 3 பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து மெல்லிசாகப் பூசி, ஈரச்சாக்கு போட்டு வேகமாகக் காயாமல் பார்த்துக்கொண்டோம். மேலே சுண்ணாம்பு அடித்ததோடு சரி. சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண்ணையும் அள்ளி, கூரைத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பினேன். அடுத்த மழைக்கு உப்புப் பூக்கவில்லை. சமையலறை மூலையில் மட்டும் கொஞ்சம் பாக்கி.