மலையகப் பிள்ளைகளின் முகப்பரு: குறைந்த செலவில் சமாளிக்கும் முறை

மூக்கோரத்தில் நாலைந்து கரும்புள்ளியாகத் தொடங்கி, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வயதில் கன்னமும் நெற்றியும் சிவந்து நிற்கும் பருவுக்கு, மலையகக் கடைத்தெருக்களில் மருந்தைவிடக் கெடுதல்தான் மலிவாகக் கிடைக்கிறது. அதனால் எதை வாங்கலாம் என்று பார்க்கும் முன் எதை நிறுத்த வேண்டும் என்று பார்ப்போம். நிறுத்துவதற்குக் காசு தேவையில்லை.

பரு அழுக்கால் வருவதில்லை. வயதுக்கு வரும் காலத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெருக்க வைக்கின்றன. உதிர வேண்டிய தோல் செதில்கள் அந்த எண்ணெயோடு ஒட்டி மயிர்த்துளையை அடைக்கின்றன. அடைப்புக்குள் பக்டீரியா பெருகும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. ஆகவே பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும், நாளுக்கு ஐந்து தடவை சவர்க்காரம் போடுவதும் புண்ணாக்குமே தவிர அடைப்பைத் திறக்காது.

முதலில் நிறுத்த வேண்டியவை

வெள்ளையாக்கும் கிறீம்களை முதலில் நிறுத்துங்கள். தயாரித்தவர் முகவரியோ, உள்ளடக்கப் பட்டியலோ இல்லாத குப்பியில் இரண்டில் ஒன்று இருக்கலாம்: பாதரசம், அல்லது ஸ்டீரோய்ட். அழகுசாதனப் பொருளில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்பது பாதரசம் பற்றிய உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கை. பாதரசம் உள்ள கிறீம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரோய்டின் ஏமாற்று வேறு மாதிரி. பட்டியல் உள்ள டியூபானால் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று எழுதியிருக்கும். பூசிய முதல் வாரம் சிவப்பு வற்றி முகம் பளிச்சென்று தெரியும், வீட்டில் எல்லோரும் நல்ல மருந்து என்பார்கள். சில வாரங்களில் தோல் மெலிந்து நரம்பு தெரியும். விட்டவுடன் பரு முன்னைவிடப் பொங்கும். மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டுத் தவிக்காமல் வைத்தியரிடம் போவது நல்லது.

தேசிக்காய்ச் சாறும் வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து, மாதக்கணக்கில் போகாத கறுப்பு விழும். பற்பசை பருவைக் காய வைப்பது போலத் தெரியும், உண்மையில் சுட்டுவிடும். கற்றாழை குளிர்ச்சி தரும் என்பது சரி. மடலை வெட்டி மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பால் அரிக்கும். பருவுக்கு மருந்தாக அதை நம்பியிருக்க வேண்டாம்.

நெற்றியில் மட்டும் பொரிப்பொரியாக இருந்தால் தலையைப் பாருங்கள். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரி, மேலே காது வரை கம்பளித் தொப்பி போட்டுப் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணெயும் வியர்வையும் நெற்றியிலேயே ஊறுகிறது. எண்ணெயை இரவில், முடியின் நுனிப் பாதிக்கு மட்டும் வைத்து, மறுநாள் தலை கழுவுங்கள். தொப்பியையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை துவையுங்கள்.

முகம் கழுவுதல்

காலை ஒன்று, மாலை ஒன்று, விளையாடி வியர்த்தால் இன்னொன்று. அவ்வளவு போதும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் காலைக் குழாய்த் தண்ணீரில் எண்ணெய்ப்பசை சரியாகப் போகாது. விறகடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஒரு குவளை கொதிநீருக்கு மூன்று குவளை குழாய்த் தண்ணீர் கலந்தால் மணிக்கட்டில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அந்தப் பதம்தான் வேண்டும்.

உடுப்புச் சவர்க்காரம் முகத்துக்கு ஆகவே ஆகாது. குளியல் சவர்க்காரமும் காரத்தன்மை உள்ளதுதான், வேப்பிலைப் படம் போட்டிருந்தாலும் சரி. வாசனை இல்லாத, சாதாரணமான ஒரு ஃபேஸ் வோஷ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சுண்டு விரல் நகத்தளவு போதும். முடியாவிட்டால் மென்மையான சவர்க்காரத்தைக் கையில் நுரைத்து, நுரையை மட்டும் முகத்தில் அரை நிமிடம் தடவிக் கழுவுங்கள். கட்டியை நேராக முகத்தில் உரசாதீர்கள். துடைப்பதும் ஒற்றி எடுப்பதாக இருக்கட்டும்.

காசைப் போட வேண்டிய இடம்

இரண்டே மருந்துதான். இரண்டையும் பாமசியில் கம்பனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மருந்து பல விலைகளில் இருக்கும், மலிவானதே போதும். வைத்தியரின் மருந்துத் துண்டு கேட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் (ஓ.பி.டி.) காட்டி எழுதி வாங்கலாம்.

சிவந்து சீழ் வைக்கும் பருவுக்கு பென்சோயில் பெரொக்சைட். 2.5 சதவீதம் உள்ளதை எடுங்கள். 10 சதவீதம் இருமடங்கு வேலை செய்யும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. எரிச்சல்தான் கூடும், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 5 சதவீதம் மட்டுமே கிடைத்தால் பூசி 5 நிமிடத்தில் கழுவிவிடுங்கள், பழகப் பழக 10 நிமிடம் வரை போகலாம். இந்த மருந்து துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளைச் சீருடைக்கு ஆபத்தில்லை, டைக்கும் நிறத் துவாய்க்கும் ஆபத்து. வெள்ளைத் துவாய் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

கரும்புள்ளி, வெண்புள்ளி என்று அடைப்பு அதிகமாக உள்ள முகத்துக்கு அடபலீன் 0.1 சதவீத ஜெல். இரவில் மட்டும். முகம் கழுவி, 20 நிமிடம் நன்றாகக் காய விட்டு, ஊற வைக்காத ஒரு கொண்டைக்கடலையின் அளவு எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என ஐந்து பொட்டாக வைத்து முகம் முழுக்க மெல்லப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் அப்புவதுதான் பலர் விடும் பிழை. அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் முகம் முழுக்க இருக்கிறது. நாளைய பருவைத் தடுக்கத்தான் இந்த மருந்து. கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு இவற்றை விட்டுவிடுங்கள். இந்த அளவில் பூசினால் 15 கிராம் டியூப் ஒன்றரை மாதம் வரும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தோல் உரிந்தால், எரிந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பரு கூடியது போலத் தெரியும். பலர் இங்கேதான் டியூபை எறிகிறார்கள். சரியான கணக்கு 8 முதல் 12 வாரம். ஒரு தவணைப் பரீட்சையிலிருந்து அடுத்ததற்கு இடைப்பட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்தும் தேவைப்பட்டால் அடபலீன் பழகிய பிறகு, காலையில் பென்சோயில் பெரொக்சைடைச் சேருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது எரிக்கிறது என்று தெரியாது. கர்ப்பமாக இருப்பவர்கள் அடபலீன் பூசக்கூடாது.

வறண்ட குளிர்காற்று வீசும் மாதங்களில் மருந்து கூடுதலாக எரிக்கும். ஈர முகத்தில் கிளிசரின் இரண்டு மூன்று சொட்டு, ஈரக் கையில் குழைத்துத் தடவலாம். காய்ந்த முகத்தில் அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். அல்லது மயிர்த்துளையை அடைக்காது என்று எழுதியுள்ள சாதாரண மொயிஸ்சரைசர்.

குளிராக இருப்பதால் வெயில் சுடாது என்று நம்ப வேண்டாம். உயரம் 1000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர். பரு ஆறிய இடத்தின் கறுப்பு நீடிப்பதற்கு இந்த வெயிலும் கிள்ளிய விரல் நகமும்தான் காரணம். சன்ஸ்கிரீன் வாங்க முடியாத வீட்டில் குடை போதும்.

சாப்பாடு

எண்ணெய்ப் பலகாரம் முகத்தில் எண்ணெயாக வழியும் என்பது கட்டுக்கதை. முட்டை சூடு, மாம்பழம் சூடு என்று நிறுத்துவதும் தேவையில்லை. இரத்தச்சோகை சாதாரணமாக இருக்கும் தோட்டப்புறங்களில் பெண்பிள்ளையின் முட்டையை நிறுத்துவது பெரிய பிழை. உண்மையில் பருவோடு தொடர்பு காட்டுவது இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவு. சீனி ஏறினால் இன்சுலின் ஏறும், அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இவ்வகை உணவைக் குறைத்த இளைஞர்களுக்கு 12 வாரத்தில் பரு குறைந்தது. மருந்துக்குப் பதில் சாப்பாடு என்று இதற்குப் பொருள் இல்லை, துணை அவ்வளவுதான்.

அப்படியானால் முதல் குற்றவாளி தேத்தண்ணிக் கோப்பை. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு நான்கு கோப்பை. மொத்தம் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கும் எல்லையே சுமார் 50 கிராம்தான். ஒரேயடியாக நிறுத்தினால் யாரும் குடிக்கமாட்டார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். சீனியைக் கலக்காமல் கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டி குடிக்கும் பழைய பழக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகும். கருப்பட்டியும் சீனிதான், அளவு முக்கியம்.

அடுத்தது பாண், பணிஸ், வெறும் கோதுமை மா ரொட்டி. ரொட்டியை விடச் சொல்லவில்லை, மாவை மாற்றச் சொல்கிறோம். கோதுமை மா 2 கோப்பை, குரக்கன் மா 1 கோப்பை, தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, உப்பு ஒரு தேக்கரண்டி. குரக்கனில் இழுபடும் பசை இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். கை பொறுக்கும் சுடுதண்ணீரில் பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடம் வைத்துத் தட்டுங்கள். கொஞ்சம் தடிப்பாகவே தட்டுங்கள். சம்பலோடு மட்டும் சாப்பிடாமல் பருப்பு அல்லது அவித்த கௌபி சேர்ந்தால் சீனி மெதுவாக ஏறும். பாடசாலை இடைவேளைக்கு பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலை. சிவப்பரிசி கிடைத்தால் அதுவே சோறு. வல்லாரை, பொன்னாங்காணி, நெத்தலிக் கருவாடு எல்லாம் வழக்கம் போல.

பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு சிலருக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. பால்மா தேத்தண்ணியை ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லாவிட்டால் திரும்பக் குடிக்கலாம். ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும், பாலிலிருந்து எடுத்த வே புரோட்டீன் மா பருவைக் கூட்டும் என்ற சந்தேகம் இருக்கிறது, அதை நிறுத்துங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பரு

தொட்டால் உள்ளே கட்டியாக வலிப்பது, ஆறிய இடம் குழி விழுவது, முதுகிலும் நெஞ்சிலும் பரவுவது, 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் மாறாதது. இவற்றுக்கு வீட்டில் காலம் கடத்தினால் குழி நிரந்தரமாகும். மாதவிடாய் தவறித் தவறி வந்து, நாடியில் முடியும் வளரும் பெண்பிள்ளைக்கு ஹோர்மோன் சோதனை தேவைப்படலாம். நெற்றியில் எல்லாம் ஒரே அளவாக, அரிப்போடு இருக்கும் பொரிகள் பருவே அல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பரு மருந்து கேட்காது. ஓ.பி.டி.யில் துண்டு வாங்கி நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குக்குப் போகலாம், கட்டணம் இல்லை. இதுவரை பூசிய எல்லா டியூபையும், வெறும் குப்பியானாலும், பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

அங்கே டொக்சிசைக்கிளின் தந்தால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.