ஊரிலிருந்து வந்த அந்த ட்யூப்

சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வரிசை கரையும் வரை ஷாம்பு பாட்டில்களைப் பார்ப்பதுபோல் நின்ற ஒரு பெண், கடைசியில் கவுன்டருக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, இது இங்க கிடைக்குமா?" கைப்பேசியில் ஒரு ட்யூபின் படம், பிறப்புறுப்பில் வரும் அரிப்புக்குத் தடவும் களிம்பு. திருச்சியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியதாம், தீர்ந்துவிட்டதாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இதே மாதிரி ட்யூபைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த என்மேல்தான்.

பருத்தி உள்ளாடை, வாசனைச் சோப்பு, ஈரத் துணியோடு உட்காராதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விடுகிறேன்.

மூன்று மருந்தும் ஒரே ட்யூபில்

ஊர்க் கடைகளில் அரிப்பு, படை என்று எதைச் சொன்னாலும் எடுத்துக் கொடுக்கும் களிம்பு இது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டாசோல் என்ற வீரியமான ஸ்டெராய்டு. பெயரிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டாசோல் ஸ்டெராய்டு. அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஸ்டெராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் இந்தியாவில் விதி வந்தது. ஆனாலும் சாங்கியில் வந்திறங்கும் பெட்டிகளில் ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே அந்த ட்யூப் இன்னும் வருகிறது.

தடவிய இரண்டாம் நாளே அரிப்பு போய்விடும். வில்லங்கமே அதுதான். ஸ்டெராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்குகிறது. அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அமுக்குவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். போதாததற்கு, பூஞ்சை இருப்பது யோனிக்குள்ளே. நாம் தடவுவதோ வெளியே. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். திரும்பத் தடவுவோம்.

நான் இப்படி நான்கு மாதம் ஓட்டினேன். தோல் மெலிந்து, சிறுநீர் பட்டாலே எரிந்தது. வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "என்ன தடவுகிறாய்?" ட்யூபை நிறுத்தியதும் அரிப்பு குறையவில்லை, சில வாரம் கூடியது. பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்த்து, பூஞ்சைதான் என்று தெரிந்தபின் ஆறு இரவு உள்ளே வைக்கும் 100 மில்லிகிராம் குளோட்ரிமசோல் மாத்திரை. பூஞ்சை அதோடு போனது. தோல் தேற இன்னும் இரண்டு மாதம் ஆனது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சில நாளுக்கு எழுதிக் கொடுக்கும் மென்மையான ஸ்டெராய்டு வேறு கதை. நான் சொல்வது, யாரோ யாருக்கோ கொடுத்து மிச்சமிருக்கும் ட்யூபை.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பின்னால் ஒருவர் இருமல் மருந்தோடு நின்றார். ஓரமாக அழைத்து, எத்தனை நாளாகத் தடவுகிறாள் என்று மட்டும் கேட்டேன். "தீபாவளியிலிருந்து." அது மார்ச் மாதம். மருந்து எதுவும் விற்காமல் டாக்டரிடம் அனுப்பினேன்.

எல்லா அரிப்பும் பூஞ்சை இல்லை

தயிர்க்கட்டிபோல் கெட்டியான வெள்ளைப்படுதல், கடும் அரிப்பு, பெரிதாக வாடை இல்லை என்றால் பூஞ்சையாக இருக்கலாம். தண்ணீராக, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வருவது. பூஞ்சை மருந்து அதைத் தொடக்கூடத் தொடாது. 2002இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தாங்களாகவே பூஞ்சை என்று முடிவுசெய்து மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் அது வெறும் பூஞ்சையாக இருந்தது. அதனால் முதல் தடவை வருகிறது என்றால் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) பக்கத்து கிளினிக்கிலோ காட்டிவிடுங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, புண் இருந்தால் எத்தனையாவது தடவையானாலும் காட்டுங்கள்.

உடல் சூடு

இது அதனால் வருவதில்லை. வெந்தயத் தண்ணீர் குடியுங்கள், நல்லதுதான். பூஞ்சைக்கு அது மருந்தல்ல.

தயிர், பூண்டு

சமையலுக்கு, உள்ளே வைக்க அல்ல.

கர்ப்பமாக இருந்தால்

இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, ஃபுளூகோனசோல் என்ற விழுங்கும் பூஞ்சை மருந்து மாத்திரை வேண்டாம். டாக்டரைக் கேட்டு, உள்ளே வைக்கும் மருந்து, பொதுவாக ஏழு இரவு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பூஞ்சை மருந்து எதுவானாலும் முதலில் கேளுங்கள். ரத்தம் கசியும் அபாயம் கூடலாம்.

கணவருக்கும் சேர்த்து மாத்திரை

அவருக்கு அறிகுறி இல்லையென்றால் தேவையில்லை.

திரும்பத் திரும்ப வந்தால்

வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை வருகிறது என்றால் அதே மாத்திரையை ஐந்தாவது முறை கேட்டு என்னிடம் வராதீர்கள். சர்க்கரை பாருங்கள். நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குப் பஞ்சமில்லை, ரத்தத்தில் அது ஏறினால் பூஞ்சைக்கு வசதி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அவற்றாலும் பூஞ்சை வரும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். சில பூஞ்சை வகைகள் வழக்கமான மருந்துக்கு மசியாது; மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாதவிடாய் நாளில் தொடங்குவது

உள்ளே வைத்த மாத்திரை ரத்தத்தோடு வெளியே போய்விடும். முடிந்தபின் தொடங்குங்கள், இரவு படுக்கும்போது வையுங்கள். ஆணுறை பயன்படுத்துபவர்கள் மருந்து வைக்கும் நாட்களில் அதை நம்ப வேண்டாம், சில மருந்துகள் ரப்பரை இளக்கிவிடும்.