கொலராடோ மலைகளில் பனிக்கால நடை: தலைக்கு மேலிருக்கும் சரிவை அளப்பது எப்படி?

சென்ற ஜனவரியில் பெர்த்தட் கணவாய்க்கு அருகே, ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகன்ற அடிப்பலகை) அணிந்து ஒரு பள்ளத்தாக்கின் சமதளத்தில் நானும் நண்பரும் நடந்துகொண்டிருந்தபோது, காலடிப் பனி ‘தொம்’ என்ற ஓசையுடன் அமுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், எங்களுக்கு மேலே இருந்த மலைச்சரிவின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. அன்று பனி பெயர்ந்து வரவில்லை. சமதளத்தில் நடப்பவருக்கு ஆபத்தில்லை என்று நான் நம்பியிருந்தது பிழை என்று தெரிந்த பிறகு, பயிற்சி வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உடை, காலணி பற்றியெல்லாம் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

படி 1: முன்னறிவிப்பைப் படியுங்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் (பனிச்சரிவு என்பது மலையிலிருந்து பனி பெயர்ந்து விழுவது) குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் அறிவிப்பில், ஆபத்து 1 முதல் 5 வரையிலான நிலைகளில் தரப்படுகிறது. 3 என்பது நடுவில் இருப்பதால் மிதமானது என்று எண்ணிவிடாதீர்கள். மனிதர் கால் பட்டாலே பனி பெயரக்கூடிய நிலை அது. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எந்த உயரத்தில் ஆபத்தானவை என்று காட்டும் வட்டப் படத்தையும் பாருங்கள்.

படி 2: இங்குள்ள பனியின் இயல்பை அறியுங்கள். கொலராடோவில் பருவத் தொடக்கத்தில் விழும் பனி மெல்லிய அடுக்காகவே இருக்கும். அதன் அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்திருக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி மேல்நோக்கி நகர, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போன்ற மணிகளாக மாறிவிடுகிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி பலகைபோல் இறுகி உட்காரும். நாங்கள் கேட்ட ஓசை அந்த மணியடுக்கு நொறுங்கிய ஓசைதான். நொறுங்கல் பக்கவாட்டில் பரவி, மேலேயுள்ள செங்குத்தான சரிவை அடைந்தால், கீழே நிற்பவர்மீதே பனியை இறக்கிவிடும். எனவே அந்த ஓசை கேட்டதும் திரும்பிவிட வேண்டும்.

படி 3: சரிவை அளவிடுங்கள். நான் தவறியது இங்கேதான். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல்களைக் கொண்டே 30 டிகிரியைக் கண்டறியலாம். ஒரு கோலைச் சரிவு வாக்கில், முனை மேற்புறம் இருக்குமாறு பனியில் அழுத்தித் தடம் பதியுங்கள். முனையை அங்கேயே ஊன்றி வைத்து, கீழ்ப்புறக் கைப்பிடியை மேலே தூக்குங்கள். மற்றொரு கோலை அந்தக் கைப்பிடியோடு சேர்த்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் முனை பனியைத் தொடும் வரை முதல் கோலின் சாய்வை மாற்றுங்கள். முனை தடத்தின் கீழ் நுனியில் பட்டால் சரிவு 30 டிகிரி. அதற்கும் கீழே பட்டால் அதைவிடச் செங்குத்து.

இந்த அளவு நீங்கள் நிற்கும் இடத்திற்கு மட்டுமே பொருந்தும். ஆகையால் வீட்டிலேயே, சரிவுக்கேற்ப வண்ணமிடப்பட்ட வரைபடத்தில் உங்கள் பாதைக்கு மேலுள்ள சரிவுகளைப் பாருங்கள். நான் கால்டோபோ என்ற இணைய வரைபடத்தையே விரும்புகிறேன். சிறிய செங்குத்துகள் வரைபடத்தில் தப்பிவிடலாம் என்பதால், களத்தில் நான் நிற்கும் இடத்திலிருந்து கோணமானியால் மேலுள்ள சரிவின் உச்சியைக் குறிபார்த்து அளக்கிறேன். அக்கோணம் 18 டிகிரிக்கும் குறைவாக இருக்கும் இடத்தில்தான் உணவுக்கு அமர்கிறேன்.

படி 4: ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டறிய ரேடியோ சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), ஷவல் (பனியை அள்ளும் மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும். பீக்கன் மூன்று ஆண்டெனா கொண்டதாகவும், ஷவல் உலோகத் தகடு உடையதாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷவல் இறுகிய பனியில் உடைந்துவிடும். புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி, அதன்பின் அது வேகமாகக் குறைகிறது. ஆபத்தான இடத்தை ஒவ்வொருவராகக் கடந்து, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து கண்காணியுங்கள்.

பின்சேர்க்கை: பயிற்சியில் பீக்கன் தாறுமாறாகத் திசை காட்டியதாக வாசகர் இருவர் எழுதியிருந்தார்கள். இருவரும் கைபேசியை மார்புப் பையில் வைத்திருந்தார்கள். பீக்கன் அனுப்பும் நிலையில் இருக்கும்போது மின்கருவிகள் 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். மின்சூட்டுக் கையுறைகளுக்கும் இது பொருந்தும்.