விழும் அணுவை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணு இன்டர்ஃபெரோமீட்டர் (விழும் அணுக்களின் அலைகளைப் பிரித்துச் சேர்த்து ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் கருவி) பக்கம் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். வெற்றிடம் போதாதது, லேசர் நிலை நழுவுவது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணாடியை மறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. விழும் அணுமேகத்தின் மேல் சம இடைவெளியில் மூன்று லேசர் துடிப்புகளை அடிக்கிறோம். முதலாவது அணுவின் அலையைப் பிரிக்கிறது, இரண்டாவது திருப்புகிறது, மூன்றாவது சேர்க்கிறது. கிடைக்கும் கட்ட வேறுபாடு, அதாவது பிரிந்த இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது, துடிப்புகளுக்கு இடையிலான நேர இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அதனால் எல்லோரும் முதல் வேலையாக இடைவெளியை நீட்டுகிறார்கள். கணக்குப்படி சரிதான்: ருபீடியம், 780 நானோமீட்டர் லேசர், 100 மில்லிவினாடி இடைவெளி என்றால் கட்டம் ஏறக்குறைய 16 லட்சம் ரேடியன்.

ஆனால் அணு பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது. நாம் அளப்பது, லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியைப் பொறுத்து அதன் முடுக்கத்தை. கண்ணாடி நடுங்கினால் அதுவும் ஈர்ப்பாகவே பதிவாகும். சமானக் கோட்பாட்டின்படி (ஈர்ப்பும் முடுக்கமும் ஒரே விளைவைத் தரும் என்பது) இரண்டையும் அணுவால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அதிர்வே கட்டத்தை 1.6 ரேடியன் நகர்த்திவிடும். அலைகள் சேரும்போது அளவீட்டில் தெரியும் ஏற்ற இறக்கங்கள், அதாவது பட்டைகள், அழிந்துபோகும்.

ஒரு மாணவர் இப்படிப் பட்டைகளைத் தொலைத்துவிட்டு, வாரக்கணக்கில் லேசரைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஓடிய பம்ப்பை நிறுத்தியதும் பட்டைகள் திரும்பின. அதற்குள் நிறைய அளவீடு எடுத்துச் சராசரி போட்டும் பார்த்திருந்தார். கட்டம் தாறுமாறாக அலையும்போது சராசரியில் தட்டையான கோடுதான் மிஞ்சும்.

கண்ணாடியை அதிர்வுத் தடுப்பு மேடையில் வையுங்கள். அதோடு சேர்த்தே நில அதிர்வுமானியைப் பொருத்தி, ஒவ்வொரு அளவீட்டுக்கும் கட்டத் திருத்தம் செய்யுங்கள். 10 மில்லிவினாடியில் தொடங்குங்கள்; அதே முடுக்கம் அங்கே நூறில் ஒரு பங்குதான் உறுத்தும். அப்புறம் நீட்டலாம்.

ஒரே இடைவெளியை நம்புவது

பட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அணு விழும் வேகம் கூடிக்கொண்டே போவதை ஈடுகட்ட, துடிப்பைத் தரும் இரண்டு லேசர்களின் அதிர்வெண் வேறுபாட்டை வினாடிக்குச் சுமார் 25.1 மெகாஹெர்ட்ஸ் வீதம் மாற்றுகையில், எந்த இடைவெளி வைத்தாலும் நகராமல் நிற்கும் பட்டைதான் உங்களுக்கு வேண்டியது.

பூமி சுழல்வதை விட்டுவிடுவது

மேகத்துக்குப் பக்கவாட்டு வேகம் இருந்தால் கோரியோலிஸ் விளைவும் (பூமியின் சுழற்சியால் தோன்றும் கூடுதல் முடுக்கம்) உண்டு.

'குவாண்டம் ஈர்ப்பைக் கண்டோம்' என்று எழுதுவது

வேண்டாம். 1975-இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் மூவரும் நியூட்ரான் அலையில் ஈர்ப்பின் தடத்தைக் காட்டினார்கள். பிரான்சின் கிரெனோபிளில் செய்து 2002-இல் வெளியான அளவீடு, கண்ணாடிக்கு மேல் சுமார் 14 மைக்ரோமீட்டர் உயரத்தில் நியூட்ரானின் மிகத் தாழ்ந்த நிலையைக் காட்டியது. இரண்டிலும் துகள்தான் குவாண்டம். ஈர்ப்பு நியூட்டன் எழுதிய அதே புலம். உங்கள் அளவீடும் அந்த வகைதான்.