பிரிட்டிஷ் குடியுரிமை: நாள் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

ஐந்து வருடத்தில் 450 நாள், கடைசி ஒரு வருடத்தில் 90 நாள். இவ்வளவுதான் நாட்டுக்கு வெளியே இருக்கலாம் என்பதைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிற எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஐந்து வருடம் தொடங்குகிற முதல் நாளில் நீங்கள் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் விண்ணப்பம் 2026 ஜூன் 10 அன்று ஹோம் ஆபீஸுக்கு (பிரிட்டன் உள்துறை அமைச்சகம்) போய்ச் சேர்கிறது என்றால், 2021 ஜூன் 11 அன்று எங்கே இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். அந்தச் சமயம் நினைவிருக்கிறதா? 2021 ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 8 வரை கொரோனா காரணமாகப் பிரிட்டன் பயணக் கட்டுப்பாடு விதித்த நாடுகளின் சிவப்புப் பட்டியலில் இந்தியா இருந்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் திரும்பி வந்தால் பத்து நாள் ஹோட்டலில் அடைந்து கிடக்க வேண்டும், அதற்கு 1,750 பவுண்டும் கட்ட வேண்டும் என்பதால், அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனவர்கள் கொஞ்ச நாள் அங்கேயே இருந்துவிட்டார்கள். மொத்தமே 200 நாள்தான் வெளியே இருந்தேன் என்று சொன்னாலும் முதல் நாள் விதி முதல் நாள் விதிதான். சிறப்புக் காரணம் இருந்தால் தளர்த்தச் சட்டத்தில் இப்போது இடமுண்டு, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். நீங்கள் லண்டன் திரும்பிய தேதியைத் தாண்டி முதல் நாள் விழுகிற மாதிரி விண்ணப்பத்தைச் சில வாரம் தள்ளிப் போடுங்கள். நிராகரித்துவிட்டால் கட்டிய ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கட்டணம் திரும்ப வராது.

அப்புறம், எண்ணும் முறை. கிளம்பிய நாளும் வந்து இறங்கிய நாளும் வெளியே இருந்த கணக்கில் சேராது. டிசம்பர் 20 கிளம்பி ஜனவரி 10 திரும்பினால் 20 நாள், 22 இல்லை. இதிலேயே எதிர்ப்பக்கமாக ஒரு தவறும் நடக்கும். பிரிட்டனை விட்டுப் போகும்போது பாஸ்போர்ட்டில் சீல் குத்துவதில்லை, அதனால் சென்னையில் குத்திய சீலைப் பார்த்துத்தான் பலரும் தேதி நிரப்புகிறோம். ஹீத்ரோவில் 20ஆம் தேதி ராத்திரி ஏறினவருக்குச் சென்னை சீல் 21 என்று இருக்கும். அதைக் கிளம்பிய தேதி என்று எழுதினால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாள் காணாமல் போகும், நீங்கள் தெரிந்தே குறைத்துக் காட்டியது போலவும் தோன்றும். பழைய மெயிலில் டிக்கெட்டைத் தேடி எடுத்து ஒத்துப் பாருங்கள். காலாவதியான பாஸ்போர்ட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

450 கொஞ்சம் தாண்டிவிட்டால் பதற வேண்டாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் 480 வரை பொதுவாக விட்டுவிடுவார்கள், கடைசி வருடத்துக்கு 100 வரை. ஆனாலும் சலுகை கேட்பதைவிடக் காத்திருப்பது நல்லது, ஏனென்றால் தேதி நகர நகரப் பழைய பயணங்கள் கணக்கிலிருந்து தானாக உதிர்ந்துவிடும்.

வேலை விசாவில் இருந்து ஐ.எல்.ஆர். (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) வாங்கும்போது எந்த 12 மாதத்திலும் 180 நாள் வரை வெளியே இருக்கலாம் என்று பழகியிருப்போம், அதையே இங்கேயும் வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால்தானே ஐ.எல்.ஆர். போகும் என்று தைரியமாக ஐந்து மாதம் ஊரில் தங்குகிறவர்கள், ஐ.எல்.ஆர். பத்திரமாக இருந்தாலும் 90 நாளில் தவறிவிடுகிறார்கள்.

கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் மூன்று வருடம், 270 நாள்; 90 அப்படியேதான். ஐ.எல்.ஆர். கையில் வந்த பிறகு மற்றவர்கள் மாதிரி இன்னும் 12 மாதம் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் துணைவர் ஐ.எல்.ஆர்.-இல் இருந்தால் இந்த வழி கிடையாது. இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பித்தால் அன்றைக்கு இருவருமே குடிமக்கள் இல்லை, ஆகவே இருவருக்கும் ஐந்து வருடக் கணக்குதான். ஒருவருக்கு ஐந்து வருடக் கணக்கு இடித்தால், மற்றவர் முதலில் விண்ணப்பித்து, குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்து முடிக்கட்டும். அதற்குப் பிறகு இவர் மூன்று வருடக் கணக்கில் போடலாம்.